தகரக் கதவின் திங்கட்கிழமைகள்

துருவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பரம எதிரி உண்டென்றால் அது அவர்தான். கப்பல் பட்டறையில் நாற்பது வருஷம். கையில் சுத்தியல், இடுப்பில் சுரண்டி, சட்டைப்பையில் கம்பி பிரஷ். கப்பலின் விலாவில் கயிற்றுப் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை துரு தட்டுவது வேலை. அவர் ஒருவர் தட்டிய துருவை ஓரிடத்தில் குவித்திருந்தால் அது மேகத்தை மறித்து மழை பெய்ய வைத்திருக்கும். வீட்டுக்கு வந்து குளித்தால் முதல் மூன்று வாளித் தண்ணீர் தேநீர் நிறத்தில் சாக்கடையில் ஓடும். அதைப் பார்த்துத்தான் தெருப்பிள்ளைகள் மணி ஆறாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு விளையாட்டை நிறுத்தும்.

ஊர் அவருக்குத் துருக்காரர் என்று பேர் வைத்தது. சொந்தப் பேர் அவருக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை. ஓய்வுக்கான படிவத்தில் பெயர் என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தாராம். பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துக்குக் காத்திருந்த அன்றைக்கும் மனிதர் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியின் காலில் துருவைக் கண்டு சாவியால் சுரண்ட ஆரம்பித்து, பேர் கூப்பிட்டது காதில் விழாமல், கடைசியில் மணப்பெண் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அந்த மணப்பெண் லேசுப்பட்டவள் இல்லை. துணி ஆலையில் பழுது கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இழை விட்டிருந்தாலும், ஒரு முடிச்சு விழுந்திருந்தாலும், கொசு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஒரு எண்ணெய்ப்பொட்டு இருந்தாலும் மேசையை நிறுத்தி, நீலச் சாக்கட்டியால் குறி போடுவாள். குறி போட்ட இடத்தைச் சரிசெய்ய வேறு ஆட்கள் இருந்தார்கள். எதிர்ப்பக்கச் சுவரில் எறும்பு நொண்டினால் இங்கிருந்து சொல்லிவிடுவாள் என்று ஆலையில் பேச்சு. அதனால் கழுகு என்று பேர். வயதான பிறகு மரியாதை சேர்ந்து கழுகம்மா ஆனாள்.

இப்படி ஒருவருக்குச் சுரண்டுவதும் இன்னொருவருக்குக் குறை காண்பதும் தொழிலாக இருந்தும் அந்த வீட்டில் சண்டை வந்ததில்லை. அதற்குக் காரணம் ஆலையிலிருந்து அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சாக்கட்டி. குழாய் மூட்டு கசிந்தால் அங்கே ஒரு நீலக் கோடு. ஜன்னல் கொக்கி ஆடினால் அதைச் சுற்றி ஒரு வட்டம். கழுகம்மா வாயைத் திறந்து ஒரு வேலை சொன்னதே கிடையாது. துருக்காரர் குறியைப் பார்ப்பார், கருவியை எடுப்பார், முடித்துவிட்டு ஈரத்துணியால் குறியைத் துடைப்பார். பட்டறையிலும் அவருக்கு அதே பழக்கம்தான்; மேற்பார்வையாளர் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போவார், இவர் போய் அந்த வட்டத்துக்குள் தட்டுவார். சாக்கட்டிக் குறியைக் கண்டால் அவருடைய கை யோசனை கேட்டுக்கொண்டு நிற்காது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற வருஷம் மகள் தன் பழைய கைபேசியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. அம்மா பேரனையோ பூந்தொட்டியையோ படம் எடுப்பாள் என்று நினைத்தாள். கழுகம்மா எடுத்த முதல் படம் கெட்டிலின் அடிப்பாகம்.

அதையும் முழுசாக எடுக்கவில்லை. மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போய், கரி பிடித்த ஒரு விரற்கடை இடத்தை மட்டும் எடுத்திருந்தாள். அதன்பின் வாளியில் காய்ந்த சோப்பு நுரை, பாயின் கிழிந்த ஓரம், தேய்ந்த துடைப்பத்தின் நிழல், வேகும்போது விரிசல் விட்ட முட்டை. எதை எடுத்தாலும் அது எது என்று தெரியாத மாதிரி எடுப்பாள். எடுத்ததும் கணவரிடம் நீட்டுவாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

துருக்காரர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்.

"கப்பல்லேர்ந்து பாக்கறப்ப விடிகாலைல கரை தெரியுமே, அது."

"உங்க செருப்புங்க. உள்பக்கம், குதிகால் படற இடம்."

"என் செருப்பா? அதுல எங்கடி இவ்வளவு வெளிச்சம்?"

"மிதிச்சு மிதிச்சு வந்த வெளிச்சம்தான். வேற யாரு வந்து விளக்கு வச்சா?"

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின், இந்தப் பக்கம் காது. "ஏன் அண்ணே, அண்ணி மூஞ்சியை மூஞ்சியா எடுக்கவே மாட்டாங்களா? என்னை ஒரு படம் எடுங்கன்னு கேட்டா என் முழங்கையை எடுத்துக் காட்டறாங்க. யானைக்கால் மாதிரி இருக்கு."

"உன் முழங்கை அழகா இருந்துச்சு" என்பாள் கழுகம்மா. "மூஞ்சி அன்னிக்கு உம்முன்னு இருந்துச்சு."

ஒருநாள் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தபோது துருக்காரர் கேட்டேவிட்டார். "முப்பது வருஷம் குத்தம் குறையாப் பாத்து ஒதுக்கினவ நீ. இப்பவும் அதையேதான தேடிப்பிடிச்சுப் படம் எடுக்கற. அலுக்கலையா?"

ரொட்டியின் கருகிய ஓரத்தை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அப்பல்லாம் பாத்த உடனே ஒதுக்கணும். அடுத்த கெஜம் வந்துடும். ஒண்ணையாவது நின்னு பாத்திருப்பேனா? சில பழுது அவ்வளவு நல்லா இருக்குங்க. ஒரு இழை வழுக்கி, பத்து இழையைக் கூட்டிக்கிட்டுப் போயி, ஆறு மாதிரி வளைஞ்சு கிடக்கும். நான் குறி போட்டு அனுப்பிடுவேன். அவங்க அறுத்துக் கட்டிடுவாங்க. இப்ப யாரும் மேசையை ஓட்டலையே. அதான் பாக்கறேன்."

"நல்லாப் பாரு. ரொட்டி ஆறுது."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தகரக் கதவைப் பற்றி அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

வீட்டின் பின்னால் துணி துவைக்கிற சிறு முற்றம். தலைக்குமேல் கூரை கிடையாது. சந்துக்குப் போக அங்கே ஒரு தகரக் கதவு. அது கழுகம்மாவின் ராஜ்ஜியம், துருக்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. அந்தக் கதவின் உட்பக்கத்தில் துரு இருந்தது. ஆமாம், ஒரு கடலையே துரு இல்லாமல் துடைத்த மனிதரின் சொந்த வீட்டில், அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு துரு இரண்டு வருஷம் சௌகரியமாகக் குடியிருந்தது. கழுகம்மா அதன்மேல் ஒரு பழைய துண்டைத் தொங்கப் போட்டு வைத்திருந்தாள்.

உண்மையில் அவை இரண்டு துருக்கள். ஒன்று தாழ்ப்பாளின் கீழிருந்து கிளம்பியது. மற்றது கீலின் ஓரத்திலிருந்து. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழு மணிக்கு, துருக்காரர் ரொட்டி வாங்கக் கிளம்பிய பிறகு, கழுகம்மா துண்டை எடுப்பாள். படத்தின் எல்லை மாறாமல் இருக்கக் கதவின்மேல் சாக்கட்டியால் நான்கு மூலைகளைக் குறிப்பாள். அதே கல்லின்மேல் நின்று ஒரு படம் எடுப்பாள். எடுத்து முடித்ததும் குறிகளைத் துடைத்துவிட்டுத் துண்டைப் போட்டுவிடுவாள். அந்த வீட்டில் சாக்கட்டிக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இப்படி நூற்றேழு திங்கட்கிழமைகள் கடந்திருந்தன.

நூற்றெட்டாவது திங்களன்று அவள் குறி போட்டாள், படம் எடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவைகல்மேல் உட்கார்ந்துவிட்டாள். ரொட்டியோடு திரும்பிய துருக்காரர் அவளை அப்படித்தான் கண்டார். துண்டு தரையில் கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். மருத்துவர் மகளையும் துருக்காரரையும் தனியாகக் கூப்பிட்டு, புண் ஆறியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அதில் நல்ல சேதி எதுவும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "எவ்வளவு நாள்" என்று மகள் கேட்டாள். "நாள் கணக்கா எதுவும் சொல்ல முடியாதும்மா. சில வாரம்" என்றார் மருத்துவர். துருக்காரர் அங்கே கிடந்த ஒரு காலிக் கட்டிலின் இரும்புக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் கொஞ்சம் துரு இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கை அரிக்கவில்லை.

பகலில் மகள் இருப்பாள், இவர் வீட்டுக்கு வந்து சூப் வைத்துத் தூக்குவாளியில் எடுத்துப்போவார். அப்படி வந்த ஒரு மதியம், அவளுடைய மாற்றுத் துணியை அலசப் பின்முற்றத்துக்குப் போனவர் கதவைப் பார்த்தார்.

தகரத்தில் இரண்டு கை அகலத்துக்குத் துரு. சுற்றி நான்கு மூலையிலும் நீலக் குறி.

துருக்காரர் அப்படியே துவைகல்மேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாக இந்தக் குறி இங்கே இருக்கிறதோ. வாய்விட்டு ஒன்றும் கேட்காதவள் குறி போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். நான் ரொட்டி வாங்கவும் பேப்பர் படிக்கவும் போயிருக்கிறேன். துரு தட்டுகிறவன் பொண்டாட்டி துருப்பிடித்த கதவுக்கு முன்னால் நின்று தினமும் துணி துவைத்திருக்கிறாள்.

அழுதார். பிறகு எழுந்து கருவிப்பெட்டியை எடுத்தார்.

அந்த வேலையைப் போல் ஒரு வேலையை எந்தக் கப்பலும் கண்டதில்லை, சும்மா சொல்லக்கூடாது. மூன்று மதியங்கள். முதலில் சுரண்டி, பிறகு கம்பி பிரஷ், பிறகு மூன்று வகை உப்புத்தாள். தகரம் கண்ணாடி மாதிரி மின்னி, அதில் அவர் தலையிலிருந்த நான்கு முடியையும் எண்ண முடிந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். துரு வராமல் தடுக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமர் ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. அதன்மேல் பட்டறை நண்பரிடம் கேட்டு வாங்கிவந்த கப்பல் சாம்பல் நிறம், இரண்டு பூச்சு. உப்புத் தண்ணீரிலேயே எட்டு வருஷம் தாங்குகிற சாமான்.

தையல்காரம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, கதவா இது? அதைப் பாத்து நான் பவுடர் போட்டுக்கலாம் போல."

"அவ குறி போட்டு வச்சிருந்தாம்மா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"வந்து பாத்து சந்தோசப்படுவாங்க, விடுங்க."

பத்தொன்பதாம் நாள் கழுகம்மா வீட்டுக்கு வந்தாள். அவளில் பாதியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய்த் தேநீர் குடித்தாள். "பின்பக்கம் போகணும்" என்றாள்.

துருக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவரே கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். முற்றத்துப் படியில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

கழுகம்மா கதவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இடது மூலையிலிருந்து வலது மூலைவரை, பிறகு மேலிருந்து கீழே.

"நீங்களா செஞ்சீங்க?"

"வேற யாரு? மூணு நாள் ஆச்சு. நாலு பூச்சு."

அவள் கையை நீட்டிக் கதவைத் தொட்டாள். உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "நல்லா வந்திருக்குங்க. ஒரு பழுது இல்ல."

"கழுகே சொல்லிட்டியா, அப்புறம் என்ன" என்றார் துருக்காரர். அவருடைய சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

"உள்ள போலாம். குளுருது" என்றாள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் சாப்பிடவில்லை. வேகவைத்த முட்டையின் ஓட்டை உரித்து அவளிடம் காட்டினார், எப்போதும் வாங்கிப் பார்ப்பவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கைபேசி ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. மருந்தால் இருக்கும் என்று நினைத்தார். மகளிடம் சொன்னார்.

மகள் அம்மாவிடம் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் கதவை ஏன்ப்பா தொட்டீங்க?"

"குறி போட்டிருந்தாளே."

"அது உங்களுக்குப் போட்ட குறி இல்லப்பா. படத்துக்குப் போட்டது."

புரியவில்லை. மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைத் திறந்தாள். நூற்றெட்டுப் படங்கள், முதலிலிருந்து. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதல் படத்தில் சாம்பல் நிற வெறுமையின் இரு ஓரங்களிலும் இரண்டு பொட்டுகள். பத்தாவதில் அவற்றுக்கு விளிம்பு வந்துவிட்டது. முப்பதாவதில் வலதுபக்கத்துக்கு ஒரு தீவு முளைத்திருந்தது. மழைக்காலத்துப் படங்களில் ஓரமெல்லாம் பழுத்த மஞ்சள், வெயில்காலத்துப் படங்களில் காய்ந்த ரத்தத்தின் கருப்பு. நடுவே தேன், செங்கல், கொதித்த தேநீர், குழந்தையின் உதட்டு நிறம். பெயிண்ட் உரிந்த இடம் அலை நுரைபோலச் சுருண்டிருந்தது. நாற்பது வருஷம் மூக்குக்கு எதிரே வைத்துப் பார்த்த சாமான். அதற்கு இத்தனை நிறம் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சீவிய கிழங்கு கையிலேயே கருக்க ஆரம்பித்தது.

கடைசிப் படத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி அகலத்துக்குத்தான் இடம் இருந்தது.

"ரெண்டும் சேர்றதைப் பாக்கணும்னு இருந்தாங்க" என்றாள் மகள். "ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட வேற எதுவும் கேக்கல. இன்னும் எத்தனை திங்கக்கிழமை இருக்கும்னு மட்டும்தான் கேட்டாங்க. அவர் அஞ்சாறு இருக்கலாம்னார். போதும்னாங்க, அதுக்குள்ள சேர்ந்துடும்னாங்க."

துருக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அதைத்தான் நானும் கேட்டேன். சொன்னா உங்க அப்பா கை சும்மா இருக்குமான்னாங்க."

யோசித்தார். "இருந்திருக்காது" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து துருக்காரர் தன் ஆயுளின் அத்தனை வேலைக்கும் எதிரான வேலையில் இறங்கினார். சுரண்டி எடுத்தார். தன் நான்கு பூச்சையும் தானே உரித்தார். லேசில் வருமா? எட்டு வருஷத்துக்கு அடித்த பெயிண்ட் ஆயிற்றே. "யாருடா அடிச்சான் இந்தப் பாழாப்போன பெயிண்டை" என்று தன்னையே திட்டிக்கொண்டு சுரண்டினார். தகரம் வெளிவந்ததும் உப்பைக் கரைத்து அதில் வினிகர் ஊற்றினார். துரு எதற்கெல்லாம் பயப்படும், எதையெல்லாம் தின்று கொழுக்கும் என்று அவருக்குத் தெரியாததா. கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, கடைசிப் படத்தைப் பார்த்துப் பார்த்து, குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டுத் தொட்டு வைத்தார். இடதுபக்க விளிம்பு. வலதுபக்கத் தீவு. நுரை சுருண்ட இடம். ஒருமணி நேரத்துக்கு ஒருமுறை ஓடிவந்து தொடுவார். அவள் உறங்கும்போது தொடுவார், சூப் கொதிக்கும்போது தொடுவார்.

"என்ன அண்ணே, நேத்துவரைக்கும் கண்ணாடியா இருந்துச்சே" என்றாள் தையல்காரம்மா. குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது.

"வேலை பாக்கறேம்மா" என்றார்.

எட்டாம் நாள் காலை வெயில் வந்ததும் கழுகம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். அந்த அளவுக்கு அவள் லேசாகியிருந்தாள். கதவில் இரண்டு துருக்களும் இருந்தன. அதே விளிம்பு, அதே தீவு. நடுவே அரிசி அகலத்துக்கு இடம்கூட விட்டிருந்தார். ஒட்டவைத்துவிடக்கூடாது, அது அவள் பார்க்கவேண்டியது என்று.

கழுகம்மா பார்த்தாள்.

"எத்தனை நாளா இதைச் செய்யறீங்க?"

"எட்டு நாளா."

"அதான் கையெல்லாம் வெந்து கிடக்கா? அப்பவே கேக்கணும்னு நினைச்சேன்." அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க. நிஜமா."

"படம் எடுக்கறியா? கைபேசி இங்க இருக்கு."

அவள் தலையசைத்தாள், இல்லை என்று. "தானா விழுந்த பழுது எது, கையால பண்ணினது எதுன்னு துணிலயே எனக்குத் தெரிஞ்சிடும். இது நீங்க பண்ணினது. ஒவ்வொரு இடத்துலயும் உங்க கை தெரியுது. அது யாரும் கேக்காம வந்துச்சுங்க. நான் ஒண்ணுமே பண்ணல. துண்டை எடுப்பேன், பாப்பேன், போட்டுடுவேன். அவ்வளவுதான்."

துருக்காரர் கதவுக்கும் அவளுக்கும் நடுவே நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "என்னால வேற என்ன செய்ய முடியும், சொல்லு. நான் அழிச்சுட்டேன். சாக்கட்டி பாத்தேன், அழிச்சுட்டேன். உன்னோடதை நானே அழிச்சுட்டேன்."

"குறியைத் துடைக்காம விட்டது நான்தானே."

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவ குறியையா துடைப்பே?"

"அப்ப உங்க மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல. விடுங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இதை எடுத்துடுங்க. ஒரே ஒரு பூச்சு அடிங்க. ப்ரைமர் வேண்டாம். முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படி. அப்புறம் சும்மா விட்டுடுங்க. வர்றப்ப வரட்டும்."

நாற்பது வருஷத்தில் ப்ரைமர் இல்லாமல் இரும்பின்மேல் கை வைக்காதவர் அன்றைக்கு ஒரு பூச்சு அடித்தார். மெல்லிசாக, மட்டமாக, தாழ்ப்பாள் ஓரத்தில் சரியாகப் படியாமல். பட்டறையில் யாராவது பார்த்திருந்தால் அவரைக் கடலில் தள்ளியிருப்பார்கள். கழுகம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வரும்?"

"வரும்."

"மழுப்பாதீங்க. நாப்பது வருஷம் பாத்தவருதானே. எத்தனை திங்கக்கிழமை?"

துருக்காரர் பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். மறுபடி வழித்தார்.

"நாலு."

"கிளம்பறதுக்கா, சேர்றதுக்கா?"

"சேர்றதுக்கு. ஒத்தைப் பூச்சுதானே. மழை வேற வரப்போகுது."

கழுகம்மா அவரைப் பார்த்தாள். அடியில் விளக்கு எரியும் மேசையில் துணியைப் பார்ப்பாளே, அப்படி. கொசு உட்கார்ந்த தடமே தப்பாத கண். இவ்வளவு பெரிய ஓட்டை அதற்குத் தப்புமா? ஆனால் அவள் மேசையை நிறுத்தவில்லை.

"சரி. நாலு" என்றாள்.

முதல் திங்களன்று ஏழு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரொட்டி வாங்கப் போகவில்லை. அவள் நான்கு மூலைகளையும் குறித்துத் தரச் சொன்னாள், குறித்துக் கொடுத்தார். ஒரு படம் எடுத்தாள். சாம்பல் நிறம், அவ்வளவுதான். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

"பழுது இல்லாத துணிக்கும் சீட்டு எழுதணும்டி. இல்லன்னா பாக்கலன்னு ஆயிடும்."

இரண்டாம் திங்களன்று கைபேசியைப் பிடிக்க அவளால் முடியவில்லை. துருக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விரல் மட்டும் அவளுடையது. மூன்று தடவை ஆடிப்போய் நான்காவது தடவை படம் விழுந்தது. அதுவும் சாம்பல்தான்.

"தாழ்ப்பாள்கிட்ட ஏதோ ஆரம்பிச்ச மாதிரி இருக்கே" என்றார்.

"நிழலுங்க" என்றாள். அவர் கையை விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஆலையிலிருந்து பழைய சிநேகிதிகள் ஏழெட்டுப் பேர் வந்து, சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று கைபேசியில் தேடினார்கள். அவளுடைய முகம் ஒன்றுகூட இல்லை. கெட்டிலும் செருப்பும் முழங்கையும் கதவும்தான் இருந்தன. கடைசியில் ஆலையின் அடையாள அட்டையிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். அதில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் திங்களன்று மழை பிடித்துக்கொண்டது. வானத்தில் யாரோ தொட்டியைக் கவிழ்த்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி பெய்தது. ஏழு மணிக்குத் துருக்காரர் பின்வாசல் படியில் வந்து நின்றார். கதவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரம்மா குடையோடு தலையை நீட்டினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வைத்திருந்தாள்.

"அண்ணே, கதவு முழுசா நனையுது. மட்டமா வேற அடிச்சு வச்சிருக்கீங்க. இந்தாங்க, இதைப் போட்டு மூடுங்க. தகரம் வீணாப் போயிடும்."

அவர் விரிப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

"நனையட்டும்மா" என்றார். "இன்னும் ரெண்டு வருஷம் நனையணும்."